இரண்டு சிங்லெட், இரண்டு டப்ளெட்: இது எசுத்தரா, கீற்றோனா?

வந்தாறுமூலை மூன்றாமாண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேதன இரசாயனச் செய்முறையில் எனக்குக் கொடுக்கப்பட்ட தெரியாச் சேர்வையை இனங்காண வேண்டும். மூலக்கூற்றுச் சூத்திரம் தந்திருக்கிறார்கள்: காபன் 9, ஐதரசன் 10, ஒட்சிசன் 2. புரோத்தன் என்.எம்.ஆர். (கருக் காந்தப் பரிவு) நிறமாலையும் கையில் இருக்கிறது. 400 மெகாஹேட்ஸ் கருவியில், தூத்தேரியம் ஏற்றிய குளோரோபோமில் எடுத்தது.

2.55 பி.பி.எம். இல் ஒரு சிங்லெட் (பிரியாத ஒற்றைக் கோடு), தொகையீடு (அங்குள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை) 3. 3.86 இல் இன்னொரு சிங்லெட், அதுவும் 3. 6.93 இல் ஒரு டப்ளெட் (இரண்டாகப் பிரிந்த கோடு), 2. 7.93 இல் ஒரு டப்ளெட், 2. இவற்றைத் தவிர 7.26, 1.56, 0 ஆகிய இடங்களில் சிறு கோடுகள் தெரிகின்றன.

இரண்டு கட்டமைப்புகள் பொருந்துவதாகத் தோன்றுகிறது. ஒன்று மெதைல் 4-மெதைல்பென்சோவேற்று. மற்றது 4-மெதொக்சிஅசற்றோபீனோன். உருகுநிலையைக் கொண்டு தீர்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எசுத்தர் உருகுவது 33 முதல் 35 பாகை வரையில், கீற்றோன் உருகுவது 36 முதல் 39 வரையில். கச்சான் காற்று அடிக்கிற இந்த நாட்களில் என் போத்தல் காலையில் திண்மமாகவும் மதியத்தில் பாதி எண்ணெயாகவும் இருக்கிறது. அதை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை.

எப்படி முடிவெடுப்பது? விடை மட்டும் வேண்டாம், வழியைச் சொல்லுங்கள்.

கல்முனைக் கடற்கரை எழுதியது:

எசுத்தர்தான் தங்கச்சி. பெயர்ச்சி அட்டவணையை, அதாவது எந்தப் புரோத்தன் எத்தனை பி.பி.எம். இல் வரும் என்ற பட்டியலை, பாருங்கள். 3.86 என்றால் ஒட்சிசனில் தொங்கும் மெதைல். மெதைல் எசுத்தர்கள் எல்லாமே 3.6 இலிருந்து 3.9 வரையில்தான் வரும். 2.55 பென்சீன் வளையத்தில் நேரடியாக ஒட்டிய மெதைல். இரண்டு டப்ளெட்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு புரோத்தன்கள் என்றால் பரா நிலையில் (எதிரெதிர் முனைகளில்) பிரதியிட்ட வளையம். எல்லாவற்றையும் கூட்டினால் மெதைல் 4-மெதைல்பென்சோவேற்று வருகிறது. சூத்திரமும் சரியாக இருக்கிறது.

ஏறாவூரான் எழுதியது:

சூத்திரம் சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அவர் சொன்ன இரண்டு கட்டமைப்புகளுக்கும் ஒரே சூத்திரம்தானே.

அட்டவணையிலிருந்து தொடங்குவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். அட்டவணையில் இருப்பவை வீச்சுகள். அசற்றைல் கூட்டத்தின் மெதைலுக்கு ஏறத்தாழ 2.1 முதல் 2.6 வரை, வளையத்தில் ஒட்டிய மெதைலுக்கு 2.2 முதல் 2.5 வரை என்று போட்டிருப்பார்கள். 2.55 ஐ இதில் எங்கே வைப்பது? இரண்டிலும் வைக்கலாம். வீச்சுக்குள் ஓர் எண் விழுந்துவிட்டது என்பதற்காகக் கட்டமைப்பு எழுதத் தொடங்கினால், முதலில் மனத்தில் பட்டதுதான் கடைசியில் விடையாக நிற்கும்.

சூத்திரத்திலிருந்து தொடங்குங்கள். 9 காபனுக்கு நிரம்பிய நிலையில் 20 ஐதரசன் வர வேண்டும், இருப்பது 10. எனவே நிரம்பாமைப் படி (வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்த எண்ணிக்கை) 5. பென்சீன் வளையம் 4 ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 1. அது ஒரு காபனைல் ஆகலாம், இன்னொரு வளையமாகவும் ஆகலாம்.

அடுத்தது தொகையீடு. 3, 3, 2, 2. மொத்தம் 10. எல்லாப் புரோத்தன்களுக்கும் கணக்கு வந்துவிட்டது. காபொட்சிலிக்கமிலத்தின் புரோத்தன், பீனோலின் புரோத்தன், அலிடிகைட்டின் புரோத்தன் எதற்கும் இடம் மிச்சமில்லை.

அதற்கடுத்துப் பிரிகை. இரண்டு மெதைல்களும் சிங்லெட். அவற்றின் பக்கத்துக் காபனில் ஐதரசன் இல்லை. எதைல் பென்சோவேற்று இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அதற்கு 1.4 இல் ட்ரிப்ளெட்டும் 4.4 இல் குவார்ட்டெட்டும் வேண்டும். பென்சைல் அசற்றேற்றுக்கு 5.1 இல் இரு புரோத்தன் சிங்லெட்டும், வளையத்தில் ஐந்து புரோத்தன்களும் வேண்டும். அதுவும் இல்லை. மெதைல் பீனைல்அசற்றேற்றும் அதே காரணத்தால் போய்விடும்.

கடைசியாக மிஞ்சுபவை மூன்று. நீங்கள் சொன்ன இரண்டும், 4-மெதைல்பீனைல் அசற்றேற்றும். மூன்றாவதில் இரண்டு மெதைல்களும் 2.3 ஐ ஒட்டியே வரும், 3.86 இல் ஒன்றும் இருக்காது. அதையும் தள்ளுங்கள்.

இப்போதுதான் பெயர்ச்சியை எடுக்க வேண்டும். எல்லாச் சைகைகளையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. இந்த இரண்டு சேர்வைகளிலும் எந்தச் சைகை வேறுபட வேண்டும் என்று கேளுங்கள். 7.93 இரண்டிலும் வரும், ஏனென்றால் இரண்டிலும் காபனைலுக்கு ஓதோ நிலையில் (அடுத்த வளையக் காபன்களில்) இரண்டு புரோத்தன்கள் இருக்கின்றன. 3.86 உம் உதவாது. எசுத்தரில் அது 3.90 அளவில் இருக்கும், 0.04 வித்தியாசத்தில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வழக்கைத் தீர்ப்பது 6.93.

பென்சீனின் 7.27 இலிருந்து கணக்குப் போடலாம். மெதொக்சி ஓதோ நிலையில் ஏறத்தாழ 0.48 குறைக்கும். அசற்றைல் மெற்றா நிலையில் (ஒரு காபன் தள்ளி) 0.14 கூட்டும். வருவது 6.93. எசுத்தருக்குப் போட்டுப் பாருங்கள்: வளைய மெதைல் ஓதோவில் 0.20 குறைக்கும், எசுத்தர்க் கூட்டம் மெற்றாவில் 0.11 கூட்டும், வருவது 7.18. உண்மையான மெதைல் 4-மெதைல்பென்சோவேற்றில் அந்த டப்ளெட் 7.23 ஐ ஒட்டி இருக்கிறது. உங்கள் நிறமாலையில் அது இல்லை.

கல்முனைக் கடற்கரை எழுதியது:

நானா, அந்தக் கூட்டல் கணக்கை அப்படியே நம்ப முடியாது. அதே முறையில் மற்ற டப்ளெட்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 7.27 உடன் அசற்றைலின் ஓதோ 0.62 ஐக் கூட்டி, மெதொக்சியின் மெற்றா 0.09 ஐக் கழித்தால் 7.80 வருகிறது. நிறமாலையில் இருப்பது 7.93. 0.13 பிழைக்கிறது. ஒரு சைகைக்கு இரண்டாம் தசமதானம் வரை பொருந்தி, பக்கத்துச் சைகைக்குப் பிழைக்கிற கணக்கை வைத்து 0.25 வித்தியாசத்துக்குத் தீர்ப்புச் சொல்லலாமா?

ஏறாவூரான் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த 6.93 அச்சொட்டாகப் பொருந்தியதை நான் சான்றாக எடுக்கவில்லை, அது பாதி அதிர்ஷ்டம். எடுப்பது திசையை. 7.27 க்கு மேல்புலமாக (குறைந்த பி.பி.எம். பக்கமாக) மூன்றிலொரு பி.பி.எம். இழுக்கப்பட்டிருக்கிறது. அதுவும் எதிர்ப்பக்கத்தில் இலத்திரனை உறிஞ்சும் காபனைல் இருக்கும்போது. அவ்வளவு தூரம் இழுக்க வளையத்துக்கு இலத்திரன் வழங்கும் தனிச்சோடி ஒன்று ஓதோ நிலையில் இருக்க வேண்டும். மெதொக்சியின் ஒட்சிசனுக்கு அது இருக்கிறது. வெறும் மெதைலுக்கு இல்லை. எசுத்தரிலும் ஒட்சிசனில் தனிச்சோடி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த ஒட்சிசன் வளையத்தைத் தொடவில்லை, காபனைலுக்கு அப்பால் நிற்கிறது.

ஆனாலும் உங்கள் எச்சரிக்கை நியாயமானது. புரோத்தன் நிறமாலை மட்டும் இருந்தால் "கீற்றோனாக இருக்க வேண்டும்" என்று எழுதுவேன், "கீற்றோன்" என்று எழுத மாட்டேன். தங்கச்சி, காபன்-13 நிறமாலை எடுக்க முடியுமா? காபனைல் காபன் 167 ஐ ஒட்டி வந்தால் எசுத்தர். 197 ஐ ஒட்டி வந்தால் கீற்றோன். இடையில் 30 பி.பி.எம்., யாரும் வாதாட இடமில்லை.

ஐந்து மில்லிமீற்றர் குழாய் எழுதியது:

என் வேலை கருவியோடுதான், விளக்கம் எழுதுவது இல்லை. ஆனால் அந்தச் சிறு கோடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒவ்வொரு தொகுதி மாணவரும் தடுக்கி விழுவது அங்கேதான்.

0 இல் இருப்பது டி.எம்.எஸ்., அளவின் தொடக்கப் புள்ளி. 7.26 கரைப்பானில் தூத்தேரியம் ஏறாமல் மிஞ்சிய குளோரோபோம். 1.56 குளோரோபோமில் கரைந்த நீர். கரைப்பான் மாறினால் பின்னைய இரண்டும் இடம் மாறும். டி.எம்.எஸ்.ஓ. என்ற வேறு கரைப்பானில் எடுத்திருந்தால் கரைப்பானின் கோடு 2.50 இல் வந்து உங்கள் 2.55 மெதைலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், தொகையீடும் கெட்டிருக்கும். குளோரோபோமில் எடுத்தது நல்லது. 2.17 இல் சிங்லெட் கண்டால் குழாயை அசற்றோனால் கழுவி உலர்த்தாமல் விட்டிருக்கிறார்கள். 4.12, 2.05, 1.26 மூன்றும் சேர்ந்து வந்தால் எதைல் அசற்றேற்று இன்னும் ஆவியாகவில்லை. 1.26 உம் 0.88 உம் மட்டும் என்றால் மூடியில் பூசிய கிறீஸ்.

அடுத்தது, டப்ளெட்டுகளை 6.93, 7.93 என்று நடுப்புள்ளியால் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் தனித்தனியாக வாசியுங்கள். 6.94 உம் 6.92 உம் என்றால் இடைவெளி 0.022 அளவில் இருக்கும். 400 ஆல் பெருக்கினால் 8.8 ஹேட்ஸ். மற்ற டப்ளெட்டிலும் அதே 8.8 வர வேண்டும். வந்தால் இவை இரண்டும் ஒன்றையொன்று பிரிக்கின்றன என்று பொருள், ஓதோ அயலவர்களுக்கு அது வழக்கமான அளவு. வராவிட்டால் ஏதோ பிழை. பி.பி.எம். இடைவெளி கருவிக்குக் கருவி மாறும், ஹேட்ஸ் மாறாது. அறிக்கையில் இணைப்பு மாறிலியை, அதாவது இந்த இடைவெளியை, ஹேட்ஸில்தான் எழுத வேண்டும்.

உச்சிகளின் உயரத்தையும் பாருங்கள். ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கும்: 6.94 கோடு 6.92 ஐ விடச் சற்று உயரம், 7.92 கோடு 7.94 ஐ விடச் சற்று உயரம். 400 இல் இது இலேசாகத்தான் தெரியும், பழைய 60 மெகாஹேட்ஸ் கருவிகளில் கண்ணில் அறையும்.

காபன்-13 க்கு மாதிரி கொடுக்கும்போது புரோத்தனுக்குக் கொடுத்ததை விடக் கூடக் கொடுங்கள். இயற்கைக் காபனில் 1.1 வீதம்தான் காபன்-13. 5 மில்லிகிராம் போதாது, 30 ஆவது வேண்டும். 0.6 மில்லிலீற்றரில் கரைத்து, பஞ்சு வைத்த பாஸ்ரர் குழாயால் வடித்து ஊற்றுங்கள். கரையாத துகள் ஒன்று மிதந்தாலும் காந்தப்புலம் சீராகாது, கோடுகள் அகன்றுவிடும்.

களுவாஞ்சிக்குடி ஆசிரியர் எழுதியது:

நான் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் சொல்வதையெல்லாம் மகிழ்ச்சியோடு வாசித்தேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மகள், உங்கள் ஆய்வுகூடத்தில் பிறடியின் சோதனைப்பொருள் இருக்கும். சேர்வையில் சிறிதளவை எதனோலில் கரைத்து அதில் விடுங்கள். கீற்றோன் என்றால் செம்மஞ்சள் வீழ்படிவு வரும். எசுத்தர் என்றால் ஒன்றும் வராது. ஒரு பரிசோதனைக்குழாயும் சில நிமிடங்களும் போதும். மாதிரியை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. அயடோபோம் சோதனையும் செய்யலாம், மெதைல் கீற்றோன் மஞ்சள் வீழ்படிவு தரும்.

கருவி வந்த பிறகு கைச் சோதனைகளைப் பிள்ளைகள் மறந்துவிடுவது எனக்கு வருத்தம். இரண்டும் வேண்டும்.

கருவியின் மீது எனக்கு மரியாதை இல்லையென்று நினைக்காதீர்கள். 1946 இல் பிளொக்கின் குழுவும் பர்செலின் குழுவும் தனித்தனியாகத் திரவத்திலும் திண்மத்திலும் கருக் காந்தப் பரிவைக் கண்டார்கள். 1952 இல் இருவருக்கும் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுக்கு அப்போது வேண்டியிருந்தது கருவின் காந்தத் திருப்பம், சேதனச் சேர்வைகள் அல்ல. ஒரே கரு வெவ்வேறு சேர்வைகளில் வெவ்வேறு மீடிறனில் பரிவடைவது அந்த அளவீட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது. பின்னர் 1951 இல் ஆர்னல்ட், தர்மட்டி, பக்கார்ட் ஆகியோர் எதனோலை வைத்து எடுத்த நிறமாலையில் மூன்று கோடுகள் தெரிந்தன, அளவுகள் 1, 2, 3 என்ற விகிதத்தில். ஐதரொட்சில் ஒன்று, மெதிலீன் இரண்டு, மெதைல் மூன்று. பௌதிகவியலாளருக்கு இடைஞ்சலாக இருந்ததே இரசாயனவியலாளருக்கு மூலக்கூற்றின் கதவைத் திறந்தது. அந்தத் தர்மட்டி பின்னர் இந்தியா திரும்பி மும்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் இந்தத் துறையை வளர்த்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

அக்கரைப்பற்று முதுமாணி எழுதியது:

சேர் சொன்ன பிறடி சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் இந்தச் சோடிக்குப் பழைய பெறுதி முறையை (சேர்வையை வேறொன்றாக மாற்றி அதன் உருகுநிலையைப் பார்ப்பதை) மட்டும் நம்பினால் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கீற்றோனை அயடோபோம் தாக்கத்துக்கு உட்படுத்தி அமிலமாக்கினால் 4-மெதொக்சிபென்சோயிக்கமிலம் கிடைக்கும், உருகுநிலை 184 பாகை அளவு. எசுத்தரைச் சோடியம் ஐதரொட்சைட்டில் காய்ச்சி அமிலமாக்கினால் 4-மெதைல்பென்சோயிக்கமிலம், 180 அளவு. இரண்டும் வெள்ளைப் பளிங்கு. தூய்மை சற்றுக் குறைந்தால் முதலாவது இரண்டாவதாகத் தெரியும். சேர்வைகளின் உருகுநிலையும் நெருக்கம், பெறுதிகளின் உருகுநிலையும் நெருக்கம். இந்தச் சோடியைத் தேர்ந்தெடுத்த விரிவுரையாளர் தெரிந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

திணிவு நிறமாலை கிடைத்தால் அதுவும் பேசும். இரண்டுக்கும் மூலக்கூற்றுத் திணிவு 150. கீற்றோன் மெதைலை உதறி 135 இல் உயர்ந்த உச்சி தரும், எசுத்தர் மெதொக்சியை உதறி 119 தரும்.

எனக்கு மிகப் பிடித்த சான்று எச்.எம்.பி.சி. என்ற இரு பரிமாணப் பரிசோதனை. புரோத்தனிலிருந்து இரண்டு மூன்று பிணைப்புகள் தள்ளி இருக்கும் காபனை அது காட்டும். 3.86 மெதைல் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். எசுத்தரானால் மூன்றாவது பிணைப்பில் காபனைல் காபன், அதாவது 167. கீற்றோனானால் மூன்றாவது பிணைப்பில் வளையக் காபன், 163 அளவு. அந்த இரண்டு எண்களும் நெருக்கமாகத் தோன்றலாம், ஆகவே 2.55 ஐயும் சேர்த்துப் பாருங்கள். கீற்றோனில் அது 197 ஐத் தொடும். எசுத்தரில் வளைய மெதைல் காபனைலைத் தொடாது, நடுவில் முழு வளையமும் நிற்கிறது.

கல்முனைக் கடற்கரை எழுதியது:

இரு பரிமாணப் பரிசோதனைக்கு வசதி இல்லாதவர்கள்?

அக்கரைப்பற்று முதுமாணி எழுதியது:

என்.ஓ.ஈ. வித்தியாச நிறமாலை எடுக்கலாம். 3.86 ஐக் கதிர்வீசி நிரப்பினால், இடவெளியில் பக்கத்தில் இருக்கும் புரோத்தன்கள் சற்று உயரும். கீற்றோனில் 6.93 உயர வேண்டும். எசுத்தரில் மெதொக்சி வளையத்திலிருந்து தள்ளி இருப்பதால் அவ்வளவு உயராது, மாறாக மற்ற மெதைலை நிரப்பும்போது மேல்புல டப்ளெட் உயரும். அதுவும் இல்லாவிட்டால் செங்கீழ் நிறமாலை. எசுத்தரின் காபனைல் அலையெண் 1720 ஐ ஒட்டி, இந்தக் கீற்றோன் 1670 ஐ ஒட்டி.

வந்தாறுமூலை மூன்றாமாண்டு எழுதியது:

காபன் நிறமாலை வந்துவிட்டது. 196.8, 163.5, 130.6, 130.3, 113.7, 55.4, 26.3. ஏழு கோடுகள். பிறடியின் சோதனைப்பொருளிலும் செம்மஞ்சள் வீழ்படிவு உடனே வந்தது, சேருக்கு நன்றி.

ஒன்பது காபனுக்கு ஏழு கோடுகள் என்பது பரா வளையத்தின் சமச்சீரால். இரண்டு சோடிக் காபன்கள் ஒன்றாகின்றன. ஆனால் எசுத்தருக்கும் ஏழுதான் வந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன், ஆகவே எண்ணிக்கையை நான் சான்றாக எழுதவில்லை. 196.8 ஐ எழுதினேன். 26.3 ஐயும் எழுதினேன், வளைய மெதைலாக இருந்தால் அது 21 அல்லது 22 இல் வந்திருக்கும். மெதொக்சியின் 55.4 ஐயும் சேர்த்தேன். மெதைல் எசுத்தரில் அந்தக் காபன் 52 ஐ ஒட்டி வருகிறது. 113.7 மெதொக்சிக்கு ஓதோ நிலையில் இருக்கும் இரண்டு காபன்கள், புரோத்தன் நிறமாலையின் 6.93 இவற்றில்தான் இருக்கிறது. தனிச்சோடியின் கொடை காபனிலும் தெரிகிறது என்று ஏறாவூர் நானாவின் விளக்கத்தை வைத்து எழுதினேன்.

டப்ளெட்டுகளையும் திரும்ப வாசித்தேன். இரண்டிலும் 8.8 ஹேட்ஸ்.

ஒரே ஒரு சந்தேகம். 196.8 கோடு மிகக் குட்டையாக இருக்கிறது, பின்னணி இரைச்சலை விடச் சற்றே மேலே. 163.5 உம் 130.3 உம் அப்படித்தான். முக்கியமான சான்றே இரைச்சலாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஏறாவூரான் எழுதியது:

இரைச்சல் இல்லை. இருந்தாலும் அந்தச் சந்தேகம் வர வேண்டியதுதான். எந்த மூன்று குட்டை என்று பாருங்கள்: காபனைல், ஒட்சிசன் ஒட்டிய வளையக் காபன், காபனைல் ஒட்டிய வளையக் காபன். மூன்றிலும் ஐதரசன் இல்லை. ஐதரசன் ஒட்டிய காபன்களை மட்டும் காட்டும் டெப்ட்-135 நிறமாலை எடுத்தால் இந்த மூன்றும் மறைந்து மற்ற நான்கும் நிற்கும். இரைச்சல் இப்படி இடம் பார்த்து வராது.

கல்முனைக் கடற்கரை எழுதியது:

197 ஐப் பார்த்த பிறகு நான் பேச ஒன்றும் இல்லை, கீற்றோன்தான். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இனி அட்டவணையைக் கடைசியில் கொடுக்கப் போகிறேன்.

ஐந்து மில்லிமீற்றர் குழாய் எழுதியது:

குட்டையாக வருவதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். காபனைச் சமநிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாலும் அதில் ஒட்டிய ஐதரசன்தான். ஐதரசன் இல்லாத காபன் மெல்லத்தான் திரும்பும். அது முழுதாகத் திரும்புமுன் அடுத்த துடிப்பைக் கொடுத்துவிடுகிறோம், ஒவ்வொரு சுற்றிலும் அதன் சைகை கொஞ்சம் குறைந்தே பதிவாகிறது. புரோத்தன்களைக் கதிர்வீசி வைத்திருப்பதால் மற்றக் காபன்களுக்குக் கிடைக்கும் ஏற்றமும் இதற்குச் சரியாகக் கிடைப்பதில்லை. அதனால்தான் வழமையான காபன் நிறமாலையில் தொகையீடு எடுப்பதில்லை.

அறிக்கையோடு இணைக்க இன்னும் தெளிவான நிறமாலை வேண்டுமென்றால், துடிப்புகளுக்கிடையிலான காத்திருப்பை 2 செக்கனிலிருந்து 5 செக்கனாக்கச் சொல்லுங்கள், சுற்றுகளையும் நான்கு மடங்காக்கச் சொல்லுங்கள். நான்கு மடங்கு சுற்றுக்குச் சைகை இரைச்சல் விகிதம் இரண்டு மடங்குதான் ஆகும், அதற்கேற்ப நேரம் ஒதுக்குங்கள். மாதிரியை மதியத்துக்கு முன் நிறுங்கள். உருகிய பிறகு எண்ணெயைக் கரண்டியால் எடுத்து 30 மில்லிகிராம் நிறுப்பது கடினம்.